உப்புக்காத்து அடிக்கிற ஊர்ல ரேர் இன்டோர் செடி: மொத செடி வாங்குறதுக்கு முன்னாடியே படிங்க

மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான், ஆந்தூரியம், அலோகேசியா, ஹோயா இதெல்லாம் சென்னை பெங்களூர் ஆளுங்க வளர்க்குற செடின்னு இருந்த காலம் போயிருச்சு, இப்போ கீழக்கரை, பெரியபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம்னு நம்ம ராமநாதபுரம் கடலோர ஊர்கள்லயும் நெறைய பேர் கூரியர்ல வரவழைச்சு வாங்குறாங்க. ஆனா வாங்குன செடில நெறைய ஒரு கோடைய தாண்டுறதில்ல. வெயில் தாங்கலன்னு ஒருத்தர் சொல்வாங்க, ஹியூமிடிட்டி பத்தலன்னு இன்னொருத்தர் சொல்வாங்க, அதோட அடுத்த ஆர்டர் போட்ருவாங்க. நான் பாத்த வரைக்கும் நம்ம பக்கம் இந்தச் செடிங்கள கொல்றது முக்காவாசி உப்புதாங்க. போர் தண்ணியில உப்பு, காத்துல உப்பு, கடையில வாங்குற கோகோபீட்ல (தென்னை நார்த்தூள்) உப்பு, கூடுதலா போடுற உரமும் ஒரு உப்புதான். யூடியூப்ல சொல்லிக் குடுக்குறவங்க முக்கால்வாசிப் பேருக்கு இந்தப் பிரச்சனையே கிடையாது, அவங்க திருச்சூர்லயோ கலிம்போங்லயோ உக்காந்துட்டு தண்ணியில உப்பு கம்மியான ஊர்ல இருந்து பேசுறாங்க. அதனால நான் சொல்ற வரிசை வேற மாதிரி இருக்கும். மொதல்ல தண்ணி, அப்புறம் இடம், அப்புறம் மண்ணு, கடைசியாதான் செடி.

பயப்படவும் வேணாம். இந்த மான்ஸ்டெரா பிலோடென்ட்ரான் ஆந்தூரியம் எல்லாம் நம்ம சேம்பு, சேனை, கருணைக்கிழங்கு குடும்பம்தான், வீட்டு வாசல்ல படர்ற மணி பிளான்ட்டும் அதே குடும்பம். சூடும் ஈரமும் இதுங்களுக்குப் புடிச்ச விஷயம், அது நம்ம கடலோரத்துல வருஷத்துல முக்காவாசி நாள் இருக்கு. குளிர் நாட்டுல ஹீட்டர் போட்டு, ஹியூமிடிஃபையர் வச்சு, கண்ணாடிப் பொட்டிக்குள்ள அடைச்சு வளர்க்குற செடிய நாம திண்ணையிலயே வளர்க்க முடியும்.

தண்ணி

செடிக்கு முன்னாடி ஒரு டி.டி.எஸ் மீட்டர் வாங்குங்க. பேனா மாதிரி இருக்கும், ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கே கெடைக்குது. தண்ணியில முக்குனா பிபிஎம்ல (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்னு) ஒரு நம்பர் காட்டும், தண்ணியில கரைஞ்சு கெடக்குற உப்பு மொத்தமும் அந்த நம்பர்தான். ஒரு அளவுக்கு சொல்றேன், கடல் தண்ணி சுமாரா 35,000 இருக்கும், மனுசன் குடிக்கிறதுக்கு 500 வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லாத எடத்துல 2000 வரைக்கும் பரவால்லன்னு இந்தியத் தர நிர்ணயத்துல இருக்கு. நம்ம செடிக்கு 200க்குக் கீழ இருந்தா சந்தோசமா ஊத்தலாம், 200ல இருந்து 400 வரைக்கும் கவனமா ஊத்தலாம், 500 தாண்டுனா வேணாம். கடலோர போர் தண்ணி பல எடத்துல ஆயிரம் ரெண்டாயிரம்னு காட்டும், அத தென்னை தாங்கும், வேப்பமரம் தாங்கும், ஆந்தூரியம் தாங்காது.

ஒவ்வொரு தண்ணியா மீட்டர வச்சுப் பாருங்க, ஊர்ல யார் என்ன சொன்னாலும் நம்பரத்தான் நம்பணும். ஊரணித் தண்ணி மழைக்கு அப்புறம் ரொம்ப நல்லா இருக்கும், பங்குனி சித்திரையில வத்திப் போய் அடியில நிக்கிறப்போ நம்பர் ஏறிருக்கும். தனுஷ்கோடிப் பக்கம் மணல்ல தோண்டி எடுக்குற ஊத்துத் தண்ணி வாயில வச்சா இனிக்கும், ஏன்னா மழைத்தண்ணி லேசு, கனமான உப்புத்தண்ணிக்கு மேல மெதந்து நிக்கிது, ஆனா ஆழமா தோண்டுனாலும் அளவுக்கு மேல எடுத்தாலும் அடியில இருக்குற சவர் மேல வந்துரும். காவிரித் தண்ணி வர்ற வீடா இருந்தா அதையும் அளந்துட்டு, ஒரு ராத்திரி வாளியில திறந்து வச்சுட்டு ஊத்துங்க, குளோரின் போயிரும். ஏசியில இருந்து சொட்டுற தண்ணியில உப்பு கிட்டத்தட்ட கெடையாது, தாராளமா ஊத்தலாம். கேன் தண்ணியும் சரிதான். ஆர்.ஓ மெஷின் வெளிய தள்ளுற வேஸ்ட் தண்ணி மட்டும் வேண்டவே வேண்டாம், வீணாப் போகுதேன்னு அதப் புடிச்சு செடிக்கு ஊத்துறவங்க இருக்காங்க, வீட்லயே உப்பு அதிகமான தண்ணி அதுதான்.

எல்லாத்தையும் விட நல்லது மழைத்தண்ணி. நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகையிலதான் பெய்யும், அப்போ புடிச்சு வைக்கலன்னா அடுத்த வருஷம்தான். கணக்கு பாருங்க, பத்துக்குப் பத்து அடி மொட்டமாடியில 1 சென்டிமீட்டர் மழை பெஞ்சா கிட்டத்தட்ட 90 லிட்டர் வரும். அப்போ ரெண்டரை சென்டிமீட்டர் மழைக்கு ஒரு 200 லிட்டர் டிரம் ரொம்பிரும். 2024 நவம்பர்ல ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, அம்புட்டும் ரோட்டுல ஓடி கடலுக்குத்தான் போச்சு. இருபது சின்னத் தொட்டிக்கு தொட்டிக்கு 200 மில்லி வீதம் அஞ்சு நாளைக்கு ஒருக்கா ஊத்துனா மாசம் 25 லிட்டர் போதும், கோடையில மூணு நாளைக்கு ஒருக்கான்னு வச்சாலும் 40 லிட்டர். இப்படி ஊத்துறதுக்கு மட்டும்னா ரெண்டு டிரம் இருந்தா வருஷமே ஓடிரும். மொத மழைய விட்ருங்க, அதுல மாடியில படிஞ்ச உப்புத் தூசியும் காக்கா எச்சமும் வரும், ரெண்டாவது மழையில இருந்து புடிங்க. நீல டிரம்மா வாங்குங்க, வெளிச்சம் உள்ள போகாது, பாசி புடிக்காது. வாயை வேட்டித்துணியால இறுக்கிக் கட்டி மூடுங்க, இல்லன்னா டெங்கு கொசு முட்டை போட்ரும். தமிழ்நாட்டுல 2003ல இருந்தே வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம், அதனால நெறைய வீட்டுல மாடிப் பைப்பு ஏற்கனவே கீழ எறங்கித்தான் இருக்கும், அதுல ஒரு டி ஜாயின்ட் போட்டு டிரம்முக்கு திருப்பி விட்டா வேலை முடிஞ்சுது.

உப்பு ஏறுன செடிய எப்படி கண்டுபுடிக்கிறது

இத நல்லா பாத்துப் பழகிக்கங்க, பாதி வைத்தியம் இதுலதான் இருக்கு. தொட்டி விளிம்புலயும், அடியில தண்ணி வடியுற ஓட்டையைச் சுத்தியும் வெள்ளையா ஒரு பொருக்கு கட்டியிருக்கும், நகத்தால சொரண்டுனா மாவு மாதிரி உதிரும். இலையப் பாத்தீங்கன்னா நுனியில இருந்து காப்பிக்கலர்ல காய்ஞ்சு வரும், அந்தக் காய்ஞ்ச எடத்துக்கும் பச்சைக்கும் நடுவுல மெல்லிசா ஒரு மஞ்சக் கோடு இருக்கும், தொட்டா மொறுமொறுன்னு இருக்கும். பழைய இலையிலதான் மொதல்ல தெரியும். தண்ணி அதிகமாகி வேர் அழுகுனா வர்ற அறிகுறி வேற, அதுல அடி இலை மொத்தமா மஞ்சளாகும், தண்டு அடியில கொழகொழன்னு கருப்பாகும், மண்ணை மோந்து பாத்தா சாக்கடை வாடை வரும். ரெண்டையும் கொழப்பிக்கிட்டு, நுனி கருகுதேன்னு இன்னும் கொஞ்சம் போர் தண்ணிய ஊத்துறதுதான் வழக்கமா நடக்குது. பெரியபட்டினத்து லாத்தா (அக்கா) ஒருத்தவங்க போட்டோ அனுப்பி, "தம்பி, தண்ணி நல்லாத்தானே ஊத்துறேன், ஏன் இப்படி கருகுது"ன்னு கேட்டாங்க. தண்ணிய அளந்து பாக்கச் சொன்னேன், 1,100ன்னு காட்டியிருக்கு. "லாத்தா, ஊத்துறது சரி, தண்ணிதான் சரியில்ல"ன்னேன்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, செடி பெரும்பாலும் தண்ணியத்தான் உறிஞ்சும், மிச்சம் ஆவியாப் போகும், உப்பு முக்காவாசி தொட்டியிலயே தங்கிரும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா சேந்து, ஒரு கட்டத்துல வேரச் சுத்தி இருக்குற தண்ணியில உப்பு ரொம்ப ஏறிப்போய், ஈரம் இருந்தும் வேரால தண்ணிய இழுக்க முடியாமப் போயிருது. அதனால மாசம் ஒரு தடவை தொட்டிய அலசி விடணும். தொட்டி ஒரு லிட்டர்னா மூணு லிட்டர் நல்ல தண்ணிய மெதுவா மேல இருந்து ஊத்தி அடியில முழுசா வடிய விடுங்க. வடியுற தண்ணிய கடைசியில அளந்து பாருங்க, ஊத்துன தண்ணி நம்பருக்கு பக்கத்துல வந்துருச்சுன்னா உப்பு எறங்கிருச்சுன்னு அர்த்தம். அடியில தட்டு வச்சிருந்தா அந்தத் தண்ணிய கொட்டிருங்க, செடி திரும்ப அதையே உறிஞ்ச விடாதீங்க.

எடம்

கெழக்குப் பக்கம் சன்னல் இல்ல திண்ணை இருந்தா அதுதான் பெஸ்ட். காலையில எட்டு எட்டரை வரைக்கும் வர்ற வெயில் படலாம், அதுக்கு மேல நேர் வெயில் ஆகாது, இலை வெளுத்துப் போய் வெள்ளையா தீஞ்சிரும். வெளிச்சம் பத்துதான்னு பாக்க மதியம் செடி இருக்குற எடத்துல இலைக்கு மேல கைய நீட்டிப் பாருங்க, நெழல் லேசா ஓரம் கலைஞ்சு விழுந்தா சரியான எடம், கத்தி மாதிரி கூரா விழுந்தா வெளிச்சம் அதிகம், நெழலே விழலன்னா இருட்டு. மாடியில வைக்கிறதா இருந்தா 75 சதவீதம் நெழல் தர்ற பச்சை வலை கட்டாயம். வெளிச்சமே இல்லாத ரூம்னா எல்.இ.டி குரோ லைட் ஒரு அடி ஒசரத்துல கட்டி ஒரு நாளைக்கு 12 மணி நேரம் போடுங்க.

காத்துதான் நம்ம ஊருக்கே உரிய சங்கதி. வாடைக்காத்தும் (வடக்குக் காத்து) கொண்டலும் (கெழக்குக் காத்து) ஈரத்தோட வரும், செடிக்கு அது ஒத்துக்கும். வைகாசி கடைசியில ஆரம்பிச்சு ஆவணி வரைக்கும் மேக்க இருந்து அடிக்கிற கச்சான் காத்து இருக்கே, அது தரை மேல சூடாகி வறண்டு வர்றது, ரெண்டே நாள்ல இலைய வதக்கிரும். பிலோடென்ட்ரான் குளோரியோசம் மாதிரி மெல்லிசா புது இலை விடுற செடியில அந்த நேரம் இலை உறைக்குள்ளயே சிக்கிக்கிட்டு விரியாம நிக்கும், அத விரலால உரிச்சு விட்டா கிழிஞ்சிரும். ஒரு பஞ்சை மழைத்தண்ணியில நனைச்சு அந்த உறை மேல காலையிலயும் சாயந்தரமும் ஒத்தி விடுங்க, தானா வழுக்கிட்டு வெளிய வரும். மேக்குப் பக்கத்த அடைக்க பனை ஓலைத்தட்டி மாதிரி ஒண்ணு கெடையாது, காத்தை மொத்தமா நிறுத்தாம வேகத்த மட்டும் கொறைக்கும், பிளாஸ்டிக் ஷீட் கட்டுனா உள்ள புழுங்கிரும். கோடையில தட்டி மேல தண்ணி தெளிச்சு விட்டா உள்ள நல்லா குளிரும், அதுக்கு போர் தண்ணியே போதும், இலையில படாம பாத்துக்கங்க.

கடல் பக்கத்துல வீடு இருந்தா, காத்து பலமா அடிச்ச மறுநாள் இலையத் தொட்டுப் பாருங்க, பிசுபிசுன்னு இருக்கும். அது உப்பு. மெத்துன்னு இருக்குற துணிய மழைத்தண்ணியில நனைச்சு இலைய மேலயும் கீழயும் தொடச்சு விடுங்க, வாரம் ஒருக்கா இத பழக்கமா வச்சுக்கங்க. ஆந்தூரியம் கிரிஸ்டலினம் மாதிரி வெல்வெட் இலையத் தேய்க்கக் கூடாது, லேசா தண்ணி தெளிச்சு சாய்ச்சு வடிய விடணும். ஸ்ப்ரே பாட்டில வச்சு நாளைக்கு நாலு தடவை இலைக்கு அடிக்கிற பழக்கம் நமக்குத் தேவையில்ல, பத்து நிமிஷத்துல காஞ்சிரும், தண்ணியில உப்பு இருந்தா புள்ளி புள்ளியா வெள்ளைக் கறைதான் மிஞ்சும்.

ஏசி ரூம்ல வைக்கிறவங்க ஒண்ணு கவனிங்க, ஏசி காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சிரும், நேரா ஏசி காத்து படுற எடத்துல எந்த ரேர் செடியும் வைக்காதீங்க.

மண்ணு

மண்ணுன்னு சொல்றேனே தவிர இதுல மண்ணே கெடையாது. இந்தச் செடிங்க காட்டுல மரத்து மேல ஏறி, இல்லன்னா மக்குன இலைக்குள்ள படர்ந்து வளர்றது, வேருக்கு தண்ணி எவ்வளவு வேணுமோ அவ்வளவு காத்தும் வேணும். நான் சொல்ற கலவை இதுதான்: தேங்காய் மட்டைத் துண்டு மூணு பங்கு, கரி ரெண்டு பங்கு, பெர்லைட் (வெள்ளையா லேசா பொரி மாதிரி இருக்குற கல்லு) ரெண்டு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. பெர்லைட் வெலை கட்டலன்னா பழைய ஓடு, செங்கல்ல ஒடச்சு கடலைப்பருப்பு சைஸ்ல சலிச்சு அலசிப் போடுங்க, வேலை செய்யும், தொட்டி மட்டும் கனமா இருக்கும்.

கரி விஷயத்துல நாம கொடுத்து வச்சவங்க. வெளியூர்க்காரங்க சின்ன பாக்கெட்ட காசு குடுத்து ஆன்லைன்ல வாங்குறாங்க, நமக்கு முதுகுளத்தூர், சாயல்குடி, பரமக்குடிப் பக்கம் சீமைக்கருவேல மூட்டக் கரி மூட்டை மூட்டையா கெடைக்குது. கட்டிய சாக்குக்குள்ள போட்டு சுத்தியலால தட்டி, நெலக்கடலை சைஸ்ல எடுத்துக்கிட்டு, தூளை சலிச்சுத் தள்ளிருங்க. அப்புறம் நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசுங்க, சாம்பல் ஒட்டியிருந்தா கலவையோட காரத்தன்மை ஏறிரும், அப்புறம் இரும்புச்சத்து எடுக்க முடியாம புது இலை வெளுக்கும்.

கோகோபீட்டையும் மட்டைத் துண்டையும் வாங்குன கையோட தொட்டியில போடாதீங்க. தென்னை நாருக்குள்ள சோடியமும் பொட்டாசியமும் இயல்பாவே நெறைய இருக்கு, கடலோரத் தோப்பு மட்டைன்னா இன்னும் அதிகம். சும்மா தண்ணியில அலசுனா மேலாப்ல இருக்குறது மட்டும்தான் போகும், நாரோட ஒட்டிக்கிட்டு இருக்குறது அப்படியே இருக்கும். அத வெளியேத்த கால்சியம் நைட்ரேட் வேணும், உரக்கடையில கெடைக்கும். ஒரு கிலோ கோகோபீட் கட்டிக்கு 20 கிராம் கால்சியம் நைட்ரேட்ட தண்ணியில கரைச்சு ஊத்தி ஒரு ராத்திரி முழுக்க ஊற விடுங்க, கால்சியம் உள்ள போய் ஒக்காந்துக்கிட்டு சோடியத்த வெளிய தள்ளிரும். காலையில புழிஞ்சு, நல்ல தண்ணியில மீட்டர் நம்பர் எறங்குற வரைக்கும் அலசுங்க. இந்த ஒரு வேலைய ஒழுங்கா செஞ்சாலே செடி வாங்குன ரெண்டாவது மாசம் வர்ற தலைவலில பாதி வராது.

கடல் மணல் கலக்காதீங்க, எம்புட்டு அலசுனாலும் வேணாம், அதுல கிளிஞ்சல் தூள் இருக்கு. தொட்டிக்கு மேல அழகுக்குன்னு பவளப்பாறைத் துண்டு வைக்கிறது அதவிட மோசம். கல் பவளங்க எல்லாம் 1972ம் வருஷத்து வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்குற உயிரு, மன்னார் வளைகுடா 1986ல இருந்து கடல் தேசியப் பூங்கா, கரையில ஒதுங்குனதா இருந்தாலும் எடுக்காதீங்க, வாங்காதீங்க, யாராவது குடுத்தாலும் வேணாம்னுருங்க.

தொட்டி சின்னதா இருக்கணும். வேர்க்கட்டைய விட ஒரு இஞ்ச் பெருசா இருந்தா போதும், பெரிய தொட்டியில வச்சா கலவை காயாம அழுகும். புதுசா ஆரம்பிக்கிறவங்க கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் கப்புல அடியில ஓட்டை போட்டு வைங்க, வேரையும் ஈரத்தையும் கண்ணாலயே பாத்து கத்துக்கலாம். கோடை சூட்டுக்கு ஒரு வழி சொல்றேன், மானாமதுரை மண்தொட்டி ஒண்ணு பெருசா வாங்கி, அதுக்குள்ள பிளாஸ்டிக் தொட்டிய எறக்கி, நடுவுல இருக்குற சந்துல ஆத்துமணல் போட்டு அதை மட்டும் ஈரமா வைங்க. மண்பானைத் தண்ணி சில்லுன்னு இருக்குற அதே கணக்குதான், வேருக்கு சூடு ஏறாது.

எந்தச் செடி

நம்ம ஊர்ல ராத்திரியும் எறங்காத சூடு, சித்திரை வைகாசியில விடியக்காலம் கூட 27, 28 டிகிரி இருக்கும். அதனால மலை மேல மேகக்காட்டுல வளர்ற செடிங்கள இப்போதைக்கு விட்ருங்க. பிலோடென்ட்ரான் வெருக்கோசம், ஆந்தூரியம் வரோக்கியானம் ரெண்டும் போட்டோல மனச அள்ளும், ஆனா அதுங்களுக்கு ராத்திரி குளிரணும், ஏசி ரூமும் ஹியூமிடிட்டி பொட்டியும் இல்லாம நம்ம பக்கம் இழுத்துக்கிட்டே கெடக்கும்.

ஆரம்பத்துக்கு சிங்கோனியம் ஆல்போ, செபு புளூ, மான்ஸ்டெரா அடன்சோனி, தாய்லாந்து இந்தோனேசியா ரக அக்லோனிமா, அப்புறம் ஹோயா. ஹோயாவ நான் நம்ம ஊருக்கு ரொம்ப சிபாரிசு பண்ணுவேன், இலை தடிப்பா மெழுகு பூசுன மாதிரி இருக்கும், காத்தையும் வறட்சியையும் மத்தத விட நல்லா தாங்கும், கொத்துக் கொத்தா பூத்து ராத்திரி வாசம் வரும். இதுல ஒரு கோடைய தாண்டிட்டீங்கன்னா அடுத்து தாய் கான்ஸ்டலேஷன் மான்ஸ்டெரா, பிங்க் பிரின்சஸ், குளோரியோசம், பிளாக் வெல்வெட் அலோகேசியான்னு போலாம். குளோரியோசம் ஏறாது, தரையோட ஊர்ந்து போற செடி, அதனால அகலமான தொட்டியில தண்டு மேல தெரியுற மாதிரி வைக்கணும், தண்ட மூடுனா அழுகிரும்.

வெள்ளை இலை செடிங்களப் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. தாய் கான்ஸ்டலேஷன் தாய்லாந்துல டிஷ்யூ கல்ச்சர் லேப்ல உருவானது, அதோட புள்ளி நெலையா இருக்கும், லேப்ல எத்தனை வேணாலும் பெருக்கலாம், அதனாலதான் வெலை இம்புட்டு எறங்கிருக்கு. ஆல்போ மான்ஸ்டெரா அப்படி இல்ல, பச்சை செல்லும் வெள்ளை செல்லும் ஒரே தண்டுல பக்கத்து பக்கத்துல ஓடுறது, தண்டுல கோடு எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கத்துக் கண்ணுல இருந்து வர்ற இலைக்குத்தான் வெள்ளை வரும். முழு வெள்ளை இலையா வந்தா சந்தோசப்படாதீங்க, அதால சாப்பாடு தயாரிக்க முடியாது, ரெண்டு மூணு இலை வெள்ளையாவே தொடர்ந்து வந்தா பச்சை இருக்குற கணு வரைக்கும் வெட்டிருங்க.

ஏமாத்து வேலையும் நடக்குது. பிங்க் காங்கோன்னு இலை முழுக்க ரோஸா விக்கிறது மருந்து வச்சு கலர் வரவழைச்சது, சில மாசத்துல பச்சையாயிரும். நீலம், ஊதா, வானவில் கலர் மான்ஸ்டெரா விதைன்னு விக்கிறது அத்தனையும் பொய். அடன்சோனியவே ஆப்ளிக்குவான்னு பல மடங்கு வெலைக்கு விப்பாங்க, நெசமான பெரு நாட்டு ஆப்ளிக்குவாவுல இலைய விட ஓட்டைதான் ஜாஸ்தியா இருக்கும். வெளிநாட்டுல இருந்து இறக்குமதின்னு யாராவது சொன்னா பைட்டோசானிட்டரி சான்றிதழும் (செடியில பூச்சி நோய் இல்லன்னு அந்த நாடு குடுக்குற சான்று) இறக்குமதி அனுமதியும் இருக்கான்னு கேளுங்க, 2003ம் வருஷத்து பிளான்ட் குவாரன்டைன் ஆர்டர்படி அது இல்லாம செடி உள்ள வரக்கூடாது. பங்குனியில இருந்து ஆடி வரைக்கும் கூரியர்ல வாங்காதீங்க, ராமநாதபுரம் வந்து ஒரு நாள் குடோன்ல கெடந்தாலே பொட்டிக்குள்ள வெந்துரும். ஆவணில இருந்து மாசி வரைக்கும் நல்ல நேரம், அடைமழை வாரத்த மட்டும் தவிர்த்துருங்க.

செடி வந்து எறங்குன அன்னைக்கு

பொட்டிய நெழல்ல பிரிங்க. பழைய மண்ணை உதறி, வேரை நல்ல தண்ணியில அலசி, கருப்பா கொழகொழன்னு இருக்குற வேர மட்டும் ஸ்பிரிட்ல தொடச்ச கத்தரியால வெட்டுங்க, வெள்ளையா, இல்ல பழுப்பா கெட்டியா இருக்குறது நல்ல வேர். வேர் கொஞ்சமாத்தான் இருக்குன்னா ஊறவச்சுப் புழிஞ்ச ஸ்பேக்னம் பாசியில வச்சு, மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பாக்குள்ள வைங்க, வெயில் படாத வெளிச்சத்துல. ரெண்டு வாரம் கழிச்சு மூடிய தெனமும் கொஞ்ச நேரம் தெறக்க ஆரம்பிச்சு, மெல்ல மெல்ல வெளிக்காத்துக்குப் பழக்குங்க. ஒரு மாசம் உரம் வேணாம், மத்த செடி பக்கத்துலயும் வேணாம். பழைய இலை ஒண்ணு ரெண்டு மஞ்சளாகி விழும், அதுக்குப் பயந்து எடத்த மாத்திக்கிட்டே இருக்காதீங்க.

அன்றாடம்

கலவைக்குள்ள விரல ரெண்டு இஞ்ச் விட்டுப் பாருங்க, காஞ்சிருந்தா ஊத்துங்க, கிழமை கணக்கு பாத்து ஊத்தாதீங்க. வெள்ளன ஊத்துறது நல்லது. ஊத்துனா அடியில வடியுற மாதிரி ஊத்துங்க, மேலாப்ல கொஞ்சமா தெளிச்சு விட்டா உப்பு சேர்ற வேகம் கூடும்.

உரம் கம்மியாப் போடுங்க. 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா இருக்குற உரம்) லிட்டருக்கு அரை கிராம், ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா போதும். மழைத்தண்ணி கேன் தண்ணி மட்டும் ஊத்துறவங்களுக்கு கால்சியமும் மெக்னீசியமும் கெடைக்காது, அதனால மாசம் ஒரு தடவை லிட்டருக்கு அரை கிராம் கால்சியம் நைட்ரேட், இன்னொரு தடவை கால் கிராம் எப்சம் உப்பு குடுங்க, ரெண்டையும் கெட்டியா ஒண்ணாக் கலக்கக் கூடாது, வண்டலா எறங்கிரும். கடல்பாசி டானிக் நல்லா வேலை செய்யும், மண்டபம் பக்கம் வளர்க்குறாங்களே பெப்சி பாசி, அதுல இருந்து எடுக்குற சாறுதான் பல பாட்டில்ல வருது, லிட்டருக்கு 2 மில்லி. அதுக்காக கரையில ஒதுங்குன கட்டக்கோரைப் பாசிய அள்ளி வந்து தொட்டியில போட்றாதீங்க, அது தென்னந்தோப்புக்கு சரி, ஒரு லிட்டர் தொட்டிக்கு உப்பு மூட்டை. மீன் கழுவுன தண்ணியும் அப்படித்தான், முருங்கைக்கு ஊத்துங்க.

பூச்சியில நமக்கு ரெண்டு எதிரி. ஒண்ணு செஞ்சிலந்தி, கச்சான் காலத்துல வரும், இலைக்கு அடியில ஊசி குத்துன மாதிரி வெளுத்துப் போய் மெல்லிசா நூலாம்படை தெரியும். இன்னொண்ணு இலைப்பேன், அதான் திரிப்ஸ், ரொம்ப மோசமானது. செல்போன் டார்ச்ச இலைக்குப் பின்னாடி புடிச்சு நடு நரம்பு ஓரமாப் பாருங்க, வெளிறுன மஞ்சள்ல அரிசிக்குருணைய விடப் பொடியா ஒண்ணு நகரும், சுத்தி வெள்ளி பூசுன மாதிரி தடமும் அது மேல கருப்புப் புள்ளியும் இருக்கும், அந்தப் புள்ளி அதோட எச்சம். ஒண்ணப் பாத்தாலும் செடிய தனியா எடுத்து வச்சு, இலைய ரெண்டு பக்கமும் கழுவி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூட ரெண்டு மில்லி சோப்புக் கரைசல் கலந்து பொழுது சாஞ்சதுக்கு அப்புறம் அடிங்க. ஒரு தடவை அடிச்சுட்டு விட்டா பிரயோசனம் இல்ல, முட்டை இலைக்குள்ளயும் கூட்டுப்புழு மண்ணுக்குள்ளயும் தப்பிச்சிரும், அஞ்சு நாளைக்கு ஒருக்கா நாலு தடவை அடிக்கணும். வெல்வெட் இலையில மொதல்ல ஒரு மூலையில அடிச்சு பாத்துட்டு அப்புறம் முழுசா அடிங்க.

வீட்டுல சின்னப் புள்ளைங்க, பூனை, திண்ணையில ஏறுற ஆடு இருந்தா எட்டாத ஒசரத்துல வைங்க. சேனை நறுக்குறப்போ கை அரிக்குமே, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிதான் மான்ஸ்டெரா, அலோகேசியா எல்லாத்துலயும் இருக்கு, கடிச்சா வாயும் தொண்டையும் வீங்கிரும். கட்டிங் எடுத்ததும் கையக் கழுவுங்க.

கட்டிங்

ஒரு செடி நல்லா வந்துருச்சுன்னா ரெண்டாக்கி வச்சுக்கங்க, ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும். ஏறுற செடியில கணு இல்லாம வெட்டுனா இலை மட்டும் தண்ணியில பல மாசம் பச்சையா நிக்கும், குருத்து வரவே வராது. கணுவுக்கு கீழ ஒரு இஞ்ச் விட்டு, ஸ்பிரிட்ல தொடச்ச பிளேடால ஒரே இழுப்புல வெட்டுங்க, காத்துவேர் ஒண்ணு இருக்குற கணுவா இருந்தா இன்னும் நல்லது. வெட்டுன எடத்த ஒரு மணி நேரம் காய விட்டு, மழைத்தண்ணியிலயோ ஈரப் பாசியிலயோ வைங்க. தண்ணின்னா நாலு நாளைக்கு ஒருக்கா மாத்துங்க. ஐப்பசில இருந்து தை வரைக்கும் எடுத்தா சீக்கிரம் வேர் விடும், கச்சான் காலத்துல வெட்டாதீங்க. வேர் ரெண்டு இஞ்ச் நீண்டு அதுல கிளை வேரும் விட ஆரம்பிச்சதும் கலவைக்கு மாத்துங்க, மாத்துன மொத ரெண்டு வாரம் கலவைய முழுசா காய விடாம வைங்க, ஏன்னா தண்ணியில வந்த வேர் வறட்சி தாங்காது. தொட்டியில பேரும் வெட்டுன தேதியும் எழுதி ஒட்டிருங்க.